வர்கீஸ் வழக்கைத் தேடாதீர்கள், அது இல்லை

ஜார்ஜ் ஸ்காரியா வர்கீஸ் இறந்துவிட்டார், அவர் சார்பில் சூசன் வர்கீஸ் ஒரு சீன விமான நிறுவனத்தின் மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இதைப் படிக்கும்போது யாருக்காவது சந்தேகம் வருமா? ஸ்காரியா என்ற பெயரைப் பார்த்தாலே கோட்டயம் பக்கத்துக் குடும்பம் என்று ஊர் வரை மனம் போய்விடும். ஆனால் அந்த ஜார்ஜும் இல்லை, சூசனும் இல்லை, தீர்ப்பும் இல்லை. எல்லாம் சாட்ஜிபிடி இட்டுக்கட்டியது. அதை நியூயார்க்கில் ஒரு வக்கீல் 2023 மார்ச் மாதம் மத்திய நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிட்டார். அதுவும் ஒன்று இல்லை, இப்படி ஆறு வழக்குகள்.

அசல் வழக்கு சாதாரணமானது. எல் சால்வடாரிலிருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா விமானத்தில் சாப்பாடு தள்ளும் இரும்பு வண்டி ஒரு பயணியின் முழங்காலில் இடித்துவிட்டது. பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது என்றது விமான நிறுவனம். நடுவில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டிருந்ததால் அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று பயணியின் வக்கீல் வாதிட வேண்டியிருந்தது. அதற்குத் தோதான தீர்ப்பு வேண்டும். எந்திரத்தைக் கேட்டார், எந்திரம் கொடுத்தது. "வர்கீஸ் உண்மையான வழக்கா?" என்று அதனிடமே திரும்பவும் கேட்டார், ஆமாம் என்றது. திருடனிடமே போய் நீ திருடினாயா என்று விசாரித்துவிட்டு வந்த கதை.

எதிர்த்தரப்பு வக்கீல்கள் தேடிப் பார்த்துவிட்டு இப்படி எதுவும் கிடைக்கவில்லை என்றார்கள். நீதிமன்றம் தீர்ப்பு நகல்களைக் கேட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நகல் என்று சொல்லி எந்திரம் எழுதிக் கொடுத்த காகிதங்களையே தாக்கல் செய்தார்கள். கடைசியில் நீதிபதி கெவின் காஸ்டல் 2023 ஜூன் 22 அன்று 5,000 டாலர் அபராதம் விதித்தார். போலித் தீர்ப்புகளை எழுதியதாகக் காட்டப்பட்டிருந்த நிஜ நீதிபதிகள் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதித் தெரிவிக்கவும் உத்தரவிட்டார்.

இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அந்த உத்தரவை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. அதில் இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின. ஒன்று, மனுவை எழுதியவர் வேறு, கையெழுத்துப் போட்டவர் வேறு. எழுதியவருக்கு முப்பது வருடத்துக்கு மேல் அனுபவம். ஆனால் அந்த மத்திய நீதிமன்றத்தில் ஆஜராக அவருக்கு அனுமதி இல்லை, அதனால் அதே அலுவலகத்தில் அனுமதி உள்ள இன்னொருவர் கையெழுத்துப் போட்டுத் தந்தார். மேற்கோள் காட்டிய தீர்ப்புகளில் ஒன்றைக்கூட அவர் எடுத்துப் பார்க்கவில்லை. நம்ம ஊர் கோர்ட்டில் சீனியர் காருக்குப் போகிற வழியில் ஜூனியர் நீட்டும் தாளில் கையெழுத்து விழுமே, அதேதான். இரண்டாவது விஷயம் இதைவிட வேடிக்கை. தொழில்நுட்பத் திறன் பற்றியும் செயற்கை நுண்ணறிவு பற்றியும் அந்த அலுவலகம் தன் ஆட்களுக்கு ஏற்கெனவே கட்டாய வகுப்பு ஏற்பாடு செய்துவிட்டதால், மேற்கொண்டு வகுப்புக்குப் போகச் சொல்லித் தண்டிப்பது தேவையில்லாத மறுபடி வேலை என்று நீதிபதியே எழுதிவிட்டார்.

அங்கே தவறு செய்தால் முதலில் நினைவுக்கு வருவது வகுப்புதான். 2024 நவம்பரில் டெக்சாஸில் இன்னொரு வக்கீல் இதே மாதிரி மாட்டினார். 2,000 டாலர் அபராதம், கூடவே செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இம்போசிஷன் கொடுப்பது போல.

இந்த வகுப்பு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். அமெரிக்காவில் வழக்கறிஞர் உரிமத்தைக் கொடுப்பதும் பிடுங்குவதும் மாநிலத்தின் அதிகாரம். வக்கீலாகப் பதிந்துவிட்டால் ஆயுசுக்கும் படிக்க வேண்டாம் என்றிருந்த நிலையை 1975-இல் மின்னசோட்டாவும் அயோவாவும் மாற்றின. தொடர் சட்டக் கல்வி, சுருக்கமாக சிஎல்இ, கட்டாயமானது. இன்று மேரிலாந்து, மாசசூசெட்ஸ், மிச்சிகன், தெற்கு டகோட்டா நீங்கலாக எல்லா மாநிலத்திலும் அது உண்டு. மணிக் கணக்கு மட்டும் ஊருக்கு ஊர் வேறு: நியூயார்க்கில் இரண்டு வருடத்துக்கு 24 மணி, கலிஃபோர்னியாவில் மூன்று வருடத்துக்கு 25, டெக்சாஸில் வருடத்துக்கு 15. அதற்குள் சில மணி நேரம் தொழில் நெறிக்கென்று தனியாக ஒதுக்க வேண்டும். முடிக்காவிட்டால் உரிமத்துக்கே ஆபத்து.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறை என்னவென்றால், பெரும்பாலும் வீடியோ ஓடும், வக்கீல் இன்னொரு திரையில் மின்னஞ்சல் பார்ப்பார். ஆள் உண்மையிலேயே உட்கார்ந்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள நியூயார்க்கில் வீடியோவுக்கு நடுவே ஒரு குறியீட்டைச் சொல்வார்கள், அதை எழுதி வைத்துக்கொண்டு பிறகு படிவத்தில் நிரப்ப வேண்டும். அந்தக் குறியீட்டுக்கு மட்டும் காது கொடுத்தால் போதும் என்பது யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தொழில்நுட்பம் இதற்குள் நுழைந்த வருடம் 2012. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் தன் மாதிரி நடத்தை விதிகளில், "வக்கீலுக்குத் திறமை வேண்டும்" என்று சொல்லும் முதல் விதியின் எட்டாவது விளக்கக் குறிப்பில் ஒரு சின்னச் சொற்றொடரைச் சேர்த்தது. சட்டத்தில் வரும் மாற்றங்களைத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று முன்பே இருந்தது. அதோடு, தொழிலுக்குத் தொடர்பான தொழில்நுட்பத்தின் நன்மைகளையும் ஆபத்துகளையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் சேர்ந்தது. சங்கத்தின் விதி தானாக யாரையும் கட்டுப்படுத்தாது, ஒவ்வொரு மாநிலமும் ஏற்க வேண்டும். சுமார் 40 மாநிலங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. "எனக்குக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாதுங்க" என்று ஒரு வக்கீல் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் காலம் அத்தோடு முடிந்தது, குறைந்தபட்சம் காகிதத்தில்.

அதே 2012-இல் இன்னொரு திருத்தமும் நடந்தது, அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வக்கீல் அல்லாதவர்களை வக்கீல் மேற்பார்வை செய்ய வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதன் தலைப்பு அதுவரை "வக்கீல் அல்லாத உதவியாளர்கள்" என்று இருந்தது. அதை "வக்கீல் அல்லாத உதவி" என்று மாற்றினார்கள். அவ்வளவுதான் தலைப்பு மாற்றம். ஆள் போய் உதவி வந்தது. அப்போது அவர்கள் மனதில் இருந்தது வெளிநாட்டில் வேலை செய்துதரும் நிறுவனங்களும் இணையச் சேமிப்பும்தான். ஆனால் பத்து வருடம் கழித்து சாட்ஜிபிடி வந்தபோது, அதை எந்த விதிக்குக் கீழே கொண்டுவருவது என்ற கேள்விக்கு அந்தத் தலைப்பு தயாராகக் காத்திருந்தது. குமாஸ்தா எழுதினாலும் எந்திரம் எழுதினாலும் மேற்பார்வை வக்கீலுடையது.

இதில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. சென்னையில் சில வருடம் அமெரிக்க வழக்குகளுக்கு ஆவணம் வாசிக்கும் வேலையில் இருந்தேன். ராத்திரி ஷிஃப்ட், திரையில் வரிசையாக யாரோ ஒரு கம்பெனிக்காரர்களின் மின்னஞ்சல்கள், ஒவ்வொன்றுக்கும் வழக்குக்குத் தொடர்பு உண்டா இல்லையா, வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியமா இல்லையா என்று குறியிட வேண்டும். ரகசியம் என்று குறிக்க வேண்டியதைத் தவறவிட்டால் அது எதிர்த்தரப்பு கையில் போய்ச் சேரும். எங்கள் வேலைக்குப் பொறுப்பு என்று கையெழுத்துப் போடும் அமெரிக்க வக்கீலை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இப்படி வெளியே கொடுக்கலாம், ஆனால் பொறுப்பை வெளியே கொடுக்க முடியாது என்று அந்தச் சங்கம் 2008-இலேயே ஒரு நெறிக் கருத்து வெளியிட்டிருந்தது என்பது எனக்கு வேலையை விட்ட பிறகுதான் தெரிந்தது. சாட்ஜிபிடி பற்றி இப்போது எழுதப்படுகிற பாதியில், "சாட்ஜிபிடி" என்ற இடத்தில் "சென்னை" என்று போட்டுப் படித்தாலும் பொருந்துகிறது.

சரி, வகுப்புக்கு வருவோம். ஃபுளோரிடாதான் முதலில் தொழில்நுட்பத்துக்கென்று தனி மணி ஒதுக்கியது. 2017 முதல் மூன்று வருடத்துக்கு 30 மணி என்பது 33 ஆனது, கூடுதல் மூன்றும் தொழில்நுட்பத்துக்கு. 2019-இல் வட கரோலினா வருடத்துக்கு ஒரு மணி என்றது. 2023 ஜூலை முதல் நியூயார்க் இணையப் பாதுகாப்பு, தனியுரிமை, தரவுப் பாதுகாப்பு என்று ஒரு மணி சேர்த்தது.

அந்த வகுப்புகளில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? எந்திரம் பொய் சொல்லும் கதை வருவதற்கு முன்னால் சொல்லப்பட்ட கதைகள்தான் என் பார்வையில் இன்னும் பயனுள்ளவை. 2019 ஜனவரியில் டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வக்கீல்கள் ஒரு பிடிஎஃப் தாக்கல் செய்தார்கள். ரகசிய வரிகளின் மேல் கறுப்புப் பட்டை இழுத்திருந்தது. ஒரு நிருபர் அந்தப் பட்டையைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வேறு இடத்தில் ஒட்டினால் கீழே இருந்த எழுத்து அப்படியே வந்து விழுகிறது. கருத்துக்கணிப்புத் தரவை ரஷ்யத் தொடர்புள்ள ஒருவரிடம் மனஃபோர்ட் பகிர்ந்துகொண்ட விவகாரம் இப்படித்தான் அன்று வெளியே வந்தது. பட்டை வரைவது வேறு, எழுத்தை நீக்குவது வேறு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

2022 ஆகஸ்ட்டில், சதிக் கதைகள் பரப்பும் அமெரிக்க ஒளிபரப்பாளர் அலெக்ஸ் ஜோன்ஸ் மேல் நடந்த அவதூறு வழக்கு. அவருடைய வக்கீல்கள் தவறுதலாக அவர் கைப்பேசியின் மொத்த உள்ளடக்கத்தையும் எதிர்த்தரப்புக்கு அனுப்பிவிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் என்ன செய்தார் என்பதுதான் பாடம். தவறி வந்திருக்கிறது போலிருக்கிறதே என்று அவர்களுக்குத் தெரிவித்தார். தவறி வந்த ஆவணம் கைக்கு வந்தால் அனுப்பியவருக்கு உடனே சொல்ல வேண்டும் என்பது அங்கே நெறி. டெக்சாஸ் விதிப்படி, பத்து நாளுக்குள் எது எது ரகசியம் என்று முறையாகச் சொல்லித் திரும்பக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. பதினோராவது நாளுக்குப் பிறகு அந்தக் குறுஞ்செய்திகள் கூண்டில் நின்ற ஜோன்ஸின் முகத்துக்கு முன்னால் நீட்டப்பட்டன. தொழில்நுட்பம் தெரியாததால் அனுப்பினார்கள், விதி தெரிந்தும் அலட்சியத்தால் திரும்ப வாங்கவில்லை. எது பெரிய தவறு? (இவற்றுக்கு நடுவே 2021-இல் ஜூம் விசாரணையில் பூனைக்குட்டி முகத்தோடு வந்து "நான் பூனை இல்லை" என்று நீதிபதியிடம் சொன்ன டெக்சாஸ் வக்கீலும் உண்டு. அது நெறி மீறல் இல்லை, உலகத்துக்கே அன்று தேவைப்பட்ட ஒரு சிரிப்பு.)

2024 ஜூலையில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் செயற்கை நுண்ணறிவு பற்றித் தனியாக ஒரு நெறிக் கருத்து வெளியிட்டது, எண் 512. போலி மேற்கோள் பற்றி அதில் இருப்பது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். பணமும் ரகசியமும் பற்றிய பகுதிகள்தான் வக்கீல்களுக்கு வலிக்கும் இடம். அங்கே வக்கீல் கட்டணம் மணிக் கணக்கு, பெரும்பாலும் ஆறு நிமிடத் துண்டுகளாக எழுதப்படும். முன்பு நாலு மணி நேரம் பிடித்த வரைவை இப்போது எந்திரத்துக்குப் பதினைந்து நிமிடம் விவரம் கொடுத்து வாங்கினால், அந்தப் பதினைந்து நிமிடத்துக்கும் பிறகு உட்கார்ந்து சரிபார்த்த நேரத்துக்கும்தான் பில் போடலாம். நாலு மணி நேரம் என்று எழுதினால் அது திருட்டுக் கணக்கு. அந்தக் கருவியைப் பொதுவாகப் பழகிக்கொள்ள ஆகும் நேரத்தையும் கட்சிக்காரர் தலையில் கட்டக் கூடாது, கட்சிக்காரரே அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டிருந்தால் ஒழிய.

ரகசியம் பற்றிச் சொல்வது இன்னும் கூர்மை. நாம் உள்ளே போடும் விவரத்தைத் தன் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் கருவியாக இருந்தால், கட்சிக்காரர் விவரத்தைப் போடும் முன் அவருடைய தெளிவான சம்மதம் வேண்டும். ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி அடித்து வைத்துவிட்டுச் சம்மதம் வாங்கிவிட்டோம் என்று சொல்ல முடியாது. என்ன ஆபத்து என்று எடுத்துச் சொல்லி வாங்க வேண்டும். அதற்கு முதலில் அந்த ஆபத்து வக்கீலுக்குப் புரிந்திருக்க வேண்டும், அதாவது அந்தக் கருவியின் விதிமுறைகளை அவர் படித்திருக்க வேண்டும்.

நீதிமன்றங்கள் தங்கள் பங்குக்கு வேறு வழியில் போயின. 2023 மே மாதம் டெக்சாஸ் நீதிபதி பிராண்ட்லி ஸ்டார், தன் முன்னால் தாக்கல் செய்கிற எவரும் எந்திரத்தைப் பயன்படுத்தவில்லை, அல்லது பயன்படுத்தி மனிதர் சரிபார்த்தார் என்று சான்றளிக்க வேண்டும் என்றார். அந்தப் பகுதிக்கான ஐந்தாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்படி ஒரு விதியைக் கொண்டுவரப் பார்த்து, 2024-இல் கைவிட்டது. கையெழுத்தே ஒரு சான்றுதான், அதற்கு மேல் இன்னொரு கையெழுத்து எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதல் கையெழுத்தைப் படிக்காமல் போடுகிறவர் இரண்டாவதை மட்டும் படித்துவிட்டா போடப்போகிறார்?

காசு கொடுத்து வாங்கும் சட்டக் கருவிகள் இப்படிப் பொய் சொல்லாது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 2024-இல் லெக்சிஸ், வெஸ்ட்லா கருவிகளைச் சோதித்தபோது அவை 17 முதல் 33 சதவீதம் வரை தவறாகச் சொல்வதாகக் கண்டார்கள். கருவியை வாங்கிப் பிரச்சினையைத் தீர்க்க முடியாது என்பதற்கு இது போதும்.

அப்போது மணிக்கணக்கு வகுப்பால் தீருமா? நியூயார்க்கில் தொடர் கல்வி கட்டாயமாக இருந்தபோதுதான் வர்கீஸ் பிறந்தார். மறுபக்கம், இங்கிலாந்தில் சொலிசிட்டர் என்ற வகை வக்கீல்களுக்கு வருடத்துக்கு 16 மணி என்று இருந்ததை 2016-இல் எடுத்தேவிட்டார்கள். மணியை எண்ண வேண்டாம், உனக்கு என்ன தெரியவில்லை என்று நீயே யோசித்து, கற்று, பதிவு செய் என்று விட்டார்கள். வளர்ந்த மனிதர்களுக்கு மரியாதையான ஏற்பாடு. 2025 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி டேம் விக்டோரியா ஷார்ப் இரண்டு வழக்குகளைச் சேர்த்து விசாரித்தார். ஒன்றில் காட்டப்பட்ட 45 மேற்கோள்களில் 18 இல்லவே இல்லை. தேடியது கட்சிக்காரரே, வக்கீல் அதை அப்படியே வாங்கிப் போட்டுவிட்டார். வழிகாட்டுதல் வெளியிட்டால் மட்டும் போதாது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. எண்ணினாலும் இதேதான், எண்ணாமல் விட்டாலும் இதேதான்.

என் அபிப்பிராயம், வகுப்பு தேவை, ஆனால் சொற்பொழிவு வேண்டாம். ஒரு பிடிஎஃப்பைக் கொடுத்து இதில் ரகசியத்தை நீக்கு என்று சொல்லி, நீக்கினது உண்மையாக நீங்கியதா என்று பக்கத்து நாற்காலிக்காரரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஐந்து மேற்கோள் கொடுத்து, எது இல்லாதது என்று கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். இது வேலை, இதற்குக் குறியீடு தேவைப்படாது.

இந்தியாவில் இந்தச் சண்டைக்கே இடமில்லை, ஏனென்றால் இங்கே கட்டாயத் தொடர் கல்வி கிடையாது. 1961 வழக்கறிஞர் சட்டத்தின் கீழ் பார் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகள் உண்டு. பதிவு செய்தவுடன் அகில இந்தியப் பார் தேர்வு உண்டு. அதில் 100 கேள்விகளில் தொழில் நெறிக்கு 4, இணையச் சட்டத்துக்கு 2. வாழ்நாளில் ஒரு தடவை அந்த ஆறு கேள்விகளைத் தாண்டிவிட்டால், அடுத்த நாற்பது வருடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதித்துறைக்குச் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை வெளியிட்டது, தீர்ப்பு எழுத எந்திரத்தை நம்பக் கூடாது என்று. அது நீதிமன்றப் பக்கத்துக்கு. வக்கீல் பக்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

ஆனால் சட்டம் வக்கீலிடம் தொழில்நுட்ப அறிவை ஏற்கெனவே எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆவது பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-யின் இடத்தில் வந்தது. மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்தால் ஒரு சான்றிதழ் வேண்டும், அட்டவணையில் படிவமே இருக்கிறது. அதில் ஆவணத்தின் ஹாஷ் மதிப்பை எழுத வேண்டும், எஸ்ஹெச்ஏ256 மாதிரி எந்த முறையில் கணக்கிட்டது என்று குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி, உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும்.

மதுரைப் பக்கம் ஒரு சார்பு நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கும் தம்பி ஒருவர் போன வருடம் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார். "அண்ணே, இந்தப் படிவத்துல நாலு கட்டம் இருக்கு, எஸ்ஹெச்ஏ256-க்கு டிக் போட்டா போதும்தானே? டைப்பிங் கடைக்காரர் எல்லாருக்கும் அதுக்குத்தான் போட்டுக் கொடுக்கிறாராம்." பக்கத்தில் எண் எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். எண்ணா, என்ன எண் என்றார். கணினியில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன், கடகடவென்று ஒரு நீள எண் வந்தது, சந்தோஷமாக எழுதிக்கொண்டார். அப்புறம் ஒரு சந்தேகத்தில் நான் கேட்டேன், அந்த வீடியோ உங்களுக்கு எப்படி வந்தது?

"கட்சிக்காரர் வாட்ஸ்அப்ல அனுப்பினாருண்ணே."

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். அசல் கைப்பேசியில் இருக்கும் கோப்புக்கும் இவர் கையில் இருக்கும் கோப்புக்கும் எண் பொருந்தவே பொருந்தாது, குறுக்கு விசாரணையில் யாராவது கேட்டால் அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, கட்சிக்காரர் வீடு மேலூரில், ஃபோனை மாற்றிவிடாமல் இருந்தால் சரி என்று சொல்லிக்கொண்டே பைக் சாவியைத் தேடுகிற சத்தம் கேட்டது.